ஒருத்தரா, ரெண்டு பேரா

சந்திரன் தறிக்கு அடியில் மல்லாந்து படுத்திருந்தான். வெளியே தெரிந்தவை அவனுடைய முழங்கால்களும் கிரீஸ் பிடித்த பாதங்களும்தான். நகரியில் பவர்லூம் வைத்திருக்கும் வீடுகளில் பாதிக்கு அவன்தான் மேஸ்திரி. சம்பத் வீட்டில் ஓடிய நாலு தறியில் மூன்றாவது அன்று காலையிலிருந்து இழையை அறுத்துக்கொண்டே இருந்தது. ஆள் அனுப்பியதும் வந்துவிட்டான். அவன் வந்து படுத்த நேரம் பார்த்துக் கரண்ட் போயிற்று. மற்ற மூன்று தறியும் நின்றன. சட்டென்று தெருச் சத்தமெல்லாம் வீட்டுக்குள் வந்தது. ஜூன் மாதம், மாங்கூழ் பாக்டரிக்குத் தோத்தாபுரி மாங்காய் ஏற்றிய டிராக்டர்கள் வரிசையாகப் போய்க்கொண்டிருந்தன.

"சம்பத்து, உன்ன ஒண்ணு கேக்கணும்பா" என்றான் சந்திரன் அடியிலிருந்தபடியே. "நீ குடுத்த புஸ்தகத்தப் படிச்சிக்கினு கீறேன்."

கொரோனா சமயத்தில் எல்லாத் தறியும் நின்று கிடந்தபோது சம்பத் அவனுக்கு ஒரு சின்னப் புதிய ஏற்பாடு கொடுத்திருந்தான். அது ஸ்பேனர் பெட்டியில் எங்கேயோ கிடக்கும் என்றுதான் நினைத்திருந்தான். சந்திரன் தேசம்மன் திருவிழாவுக்கு வருடம் தவறாமல் கரகம் எடுக்கிற வீட்டுப் பிள்ளை.

"படிச்சியா? எது வரைக்கும்?"

"இயேசுவப் பத்தி நாலு பேரு எழுதினது முடிஞ்சிது. அதுலதான் கேள்வி. எரிகோன்னு ஒரு ஊரு. அங்க கண்ணு தெரியாத ஒருத்தருக்குக் கண்ணு வருது. மாற்கு சொல்றாரு, ஒருத்தர்னு. பேருகூடப் போட்டுக் கீது, பர்திமேயு. மத்தேயுவுல அதே ஊரு, அதே கூச்சலு, ஆனா ரெண்டு பேரு. லூக்காவுல ஒருத்தர்தான், ஆனா ஊருக்குள்ள வரப்ப நடக்குது. மத்த ரெண்டுலயும் ஊர வுட்டுப் போறப்ப. இதுல எதுப்பா நெஜம்?"

சம்பத் கையிலிருந்த நூல் கண்டைக் கீழே வைத்தான். வருகிற ஞாயிற்றுக்கிழமை அவன் சபையில் பேசவேண்டியது அந்தப் பர்திமேயுவைப் பற்றித்தான். மாதத்தின் இரண்டாவது ஞாயிறு அவனுடைய முறை. பதினெட்டு வருடமாகப் பேசுகிறான். மூன்றையும் தனித்தனியாக எத்தனையோ தடவை வாசித்திருக்கிறான். பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்ததே இல்லை.

"கிண்டலு பண்றியா?"

"கிண்டலுக்கு நான் ஏம்பா இவ்ளோ படிக்கிறேன்?" சந்திரன் சறுக்கிக்கொண்டு வெளியே வந்து உட்கார்ந்தான். "ஒரே டிசைன் அட்டைய மூணு தறியில மாட்டி ஓட்றோம். ஒண்ணுல ரெண்டு பூ வருது, ஒண்ணுல ஒரு பூ வருது. மேஸ்திரி கேக்க மாட்டானா?"

பதில் சொல்லச் சம்பத் வாயைத் திறந்தான். கரண்ட் வந்துவிட்டது. மூன்று தறியும் ஒரே நேரத்தில் அடிக்க ஆரம்பித்தன. அவன் வாழ்க்கையில் அந்தச் சத்தத்துக்கு அவ்வளவு நன்றி சொன்னதில்லை.

அன்று மதியமே பாஸ்டர் சுரேஷ்பாபுவுக்குப் போன் செய்தான். அவர் புத்தூரிலிருந்து ஞாயிறு தோறும் பைக்கில் வருகிறவர். தெலுங்குக்காரர். தமிழில் தொடங்கித் தெலுங்கில் முடிப்பார்.

"நல்ல கேள்வி, சம்பத்காரு" என்றார். "எரிகோ ரெண்டு இருந்துச்சு, பழைய ஊரு, புது ஊருன்னு சில பேரு எழுதி இருக்காங்க. ஒண்ணுலருந்து வெளிய வந்தா இன்னொண்ணுக்கு உள்ள போற மாதிரி. பேரு போட்டவரு ஜனங்களுக்குத் தெரிஞ்சவரா இருக்கலாம், அதனால அவரை மட்டும் சொல்லி இருக்கலாம். அலா செப்தாரு, அப்படிச் சொல்றாங்க. ஆனா நான் அங்க நின்னு பாக்கல. நிச்சயமா சொல்ல மாட்டேன்."

"அப்ப நான் ஞாயித்துக்கெழம இன்னான்னு பேசறது?"

"தெரிஞ்சதைப் பேசுங்க."

அது சம்பத்துக்குப் போதவில்லை. தெரியாததைத் தெரிந்த மாதிரி பேச அவனுக்கு வராது. மனசுக்குள் இழை அறுந்துகொண்டே இருந்தது. ராத்திரி களி உருண்டையை வேர்க்கடலைத் துவையலில் தொட்டு வாயருகே கொண்டுபோய், தின்னாமல் வைத்திருந்தான்.

"இன்னா ஆச்சு உனுக்கு?" என்றாள் மனைவி தாட்சாயணி. "களி ஆறிப்போச்சின்னா கல்லாயிடும்."

அவன் சொன்னான். ஒருத்தர், ரெண்டு பேர், உள்ளே, வெளியே எல்லாவற்றையும். சொல்லி முடிக்கும்போதுதான் தன் தவறு புரிந்தது. தாட்சாயணியின் முகம் மாறிவிட்டது.

"இப்ப எதுக்கு அதக் கிளறுற?"

"நான் பைபிளச் சொல்றேன்மே."

"நீ பைபிளச் சொல்ற. எனுக்குக் கேக்கறது வேற."

அதற்குக் காரணம் இருந்தது. இரண்டாயிரத்து இருபத்தொன்று நவம்பர் மழையில் குசஸ்தலை ஆறு கரை மீறி ஓடியது. தாட்சாயணி, பன்னிரண்டு வயது மகள் ஹரிதா, சம்பத்தின் தங்கை ரோகிணி மூவரும் ஷேர் ஆட்டோவில் ஏகாம்பரகுப்பம் ஸ்டேஷனுக்குப் போனார்கள். வழியில் தரைப்பாலத்தின் மேல் தண்ணீர் ஏறி ஆட்டோவைப் புரட்டிவிட்டது. டிரைவர் தண்ணீரில் அடித்துச் செல்லப்பட்டு எதிர்க்கரை வேலமரம் ஒன்றைப் பிடித்துத் தப்பித்தார். இவர்கள் மூன்று பேரும் பாலத்துத் தூணில் ஒட்டிக்கொண்டிருந்தார்கள். அந்த வழியாக வேலூருக்குப் போன லாரி ஒன்று நின்று, கயிறு போட்டு மூவரையும் இழுத்துக் கரையேற்றியது. கரையேறியதும் லாரி போய்விட்டது. அவர்கள் கையிலிருந்த போன்கள் இரண்டும் ஆற்றோடு போயிருந்தன. நம்பர் கேட்கக்கூட யாருக்கும் தோன்றவில்லை.

அந்த வருடக் கிறிஸ்துமஸ் ஆராதனையில் தாட்சாயணி உயிர் தப்பியதைச் சாட்சி சொல்ல எழுந்தாள். ஏகாம்பரகுப்பத்துக்குள் நுழையும் இடத்தில் நடந்தது என்றாள். ஒரு மனுஷன் தண்ணீரில் இறங்கினார், பேரு ரமணா, ஊரு நாயுடுபேட்டை என்று சொன்னார் என்றாள். நாலு வரிசை தள்ளி உட்கார்ந்திருந்த ரோகிணி எழுந்து, "ரெண்டு பேரு அண்ணி. நகரிய வுட்டு வெளிய வரப்ப" என்றாள். சபையில் சிரிப்பு எழுந்தது. பின்னாலிருந்து யாரோ, "யாரு சொல்றது நெஜம்?" என்று கேட்டார்கள். தாட்சாயணி பாதியில் உட்கார்ந்துவிட்டாள். அதோடு சரி. நாலரை வருடம். ரோகிணி புத்தூரில் புருஷன் வீட்டில் இருந்தாள். அங்கேயே சபைக்குப் போனாள். கல்யாணம் காட்சி என்றால் ஆளுக்கொரு பக்கம் நின்றார்கள்.

மறுநாள் சந்திரன் தறிக்குப் புது பெல்ட் மாட்ட வந்தபோது சம்பத் இதையும் சொன்னான். சந்திரன் கையைத் துடைத்துக்கொண்டே யோசித்தான்.

"தரைப்பாலம் நகரியில கீதா, ஏகாம்பரகுப்பத்துல கீதா?"

"நடுவுல."

"இந்தப் பக்கத்து ஆளுக்கு ஊர வுட்டுப் போறது. அந்தப் பக்கத்து ஆளுக்கு ஊருக்குள்ள போறது. உங்க பாஸ்டரு சொன்ன எரிகோ இங்கயே கீது." சிரித்தான். "சரி, ஒருத்தரா ரெண்டு பேரான்றதுக்கு, மத்தேயுவ நாம போயிக் கேக்க முடியாது. ரமணாவக் கேக்கலாம் இல்ல?"

சம்பத் அவனையே பார்த்துக்கொண்டிருந்தான். இவ்வளவு எளிதான விஷயம் நாலரை வருடமாக யாருக்கும் தோன்றவில்லை.

அன்று சாயங்காலமே புத்தூருக்கு பஸ் ஏறினான். ரோகிணி வாசலில் தையல் மெஷின் போட்டு ஜாக்கெட் தைத்துக்கொண்டிருந்தாள். அண்ணனைக் கண்டதும் எழுந்து மோர் கொண்டுவந்தாள். நாயுடுபேட்டைக்குப் போய் ரமணாவைத் தேடலாம் என்றதும் சொம்பைக் கீழே வைத்தாள்.

"அண்ணி சொன்னாங்களா வரச்சொல்லி?"

"அவ இன்னும் ஒத்துக்கவே இல்ல. நான் ஒண்டியாதான் வந்தேன்."

"நான் அன்னிக்கி அண்ணிய அவமானப்படுத்தணும்னு எழுந்து நிக்கலண்ணா." அவள் தையல் மெஷினின் சக்கரத்தைக் கையால் முன்னும் பின்னும் தள்ளினாள். "என்னத்தான் மொதல்ல இழுத்தாங்க. கரையில நின்னுக்கினு பாத்தவ நான். தண்ணியில எறங்கினது ஒருத்தர். மேல லாரிகிட்ட கயித்த இடுப்புல சுத்திக்கினு காலை ஊணி நின்னது இன்னொருத்தர். அந்தாளுக்குப் பேச்சு வராது. ஊமைன்னு அப்பவே தெரிஞ்சிது. வாயில சத்தம் ஒண்டிதான் வந்துச்சு. உள்ளங்கைத் தோலு பிஞ்சி ரத்தம். அந்தாளு வுட்டிருந்தா மூணு பேரும் காலி. அவரச் சொல்லாம வுட்டுட்டா அவரு நின்னதே இல்லன்னு ஆயிடும்ல? அதான் எழுந்தேன்."

சம்பத் வீட்டுக்கு வந்து அதை அப்படியே தாட்சாயணியிடம் சொன்னான். அவள் பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்தாள். துலக்குவது நின்றது.

"நான் தண்ணியில இருந்தேன். என் கண்ணுக்கு நேரா ஒரு மூஞ்சிதான் இருந்துச்சு. 'பயப்படகு அம்மா, பயப்படாத, நான் ரமணா, நாயுடுபேட்டை ரமணா'ன்னு சொல்லிக்கினே வந்தாரு. அந்தப் பேரப் புடிச்சிக்கினுதான் மூச்சு வுட்டேன். மேல யாரு நின்னாங்கன்னு எனுக்கு எப்பிடித் தெரியும்?"

"ஒருத்தர் ஒண்டிதான்னு நீ சொன்னியா?"

"இல்லியே. ஒருத்தர் வந்தாருன்னேன்." பாத்திரத்தைக் கீழே வைத்தாள். பிறகு சாம்பல் கையோடு, "நாளைக்கி எத்தினி மணிக்கு பஸ்ஸு?" என்றாள்.

புத்தூரில் ரோகிணி பஸ்ஸில் ஏறினாள். கையில் ஒரு கூடை பங்கனப்பள்ளி. தாட்சாயணி ஜன்னலோரம் நகர்ந்து இடம் விட்டாள். இரண்டு பேரும் திருப்பதி வரை மாம்பழ விலையைத் தவிர வேறு பேசவில்லை. முன் சீட்டில் சம்பத்தும் சந்திரனும் திரும்பிப் பார்க்காமல் கழுத்தை விறைப்பாக வைத்திருந்தார்கள். சந்திரனை யாரும் கூப்பிடவில்லை. "கேட்டது நானு, பதிலும் நான்தான் கேக்கணும்" என்று அவனே ஏறிக்கொண்டான்.

திருப்பதியில் பிளஸ் டூவுக்குச் சமமான இன்டர் படிக்கும் ஹரிதா ஹாஸ்டலில் பெர்மிஷன் வாங்கிக்கொண்டு பஸ் ஸ்டாண்டில் நின்றாள். அம்மாவையும் அத்தையையும் ஒரே சீட்டில் பார்த்ததும் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"உனுக்கு இன்னாம்மா ஞாபகம் கீது?" என்று சந்திரன் அவளைக் கேட்டான். "ஒருத்தரா, ரெண்டு பேரா?"

"ஆளு ஞாபகமே இல்ல மாமா. கண்ண மூடிக்கினு இருந்தேன். வண்டி மட்டும் ஞாபகம். என்னைத் தூக்கி உள்ள உக்கார வெச்சாங்க. ஒரே எறா நாத்தம். ஐஸ் பெட்டி மேல உக்காந்து நடுங்கினேன்."

"இத ஏம்மா இத்தினி வருஷமா சொல்லல?" என்றான் சம்பத்.

"யாரும் கேக்கல நைனா."

காளஹஸ்தி தாண்டியதும் ஒரு மழை அடித்து நின்றது. ஜன்னல் வழியாக ஈர மண் வாசனை வந்தது. நாயுடுபேட்டையில் இறங்கியபோது பதினோரு மணி. ஹைவே முழுக்க லாரி. பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே டீக்கடையில் தாட்சாயணி தனக்குத் தெரிந்த தெலுங்கில் ரமணாவைப் பற்றிக் கேட்டாள்.

டீக்கடைக்காரர் சிரித்துவிட்டார். "ரமணாலு சாலா மந்தி உன்னாரம்மா! நா பேரு கூட ரமணானே!"

ஊரில் ரமணாக்கள் நிறையப் பேராம். அவர் பெயரும் ரமணா. பக்கத்தில் பஞ்சர் ஒட்டுகிறவரும் ரமணா. லாரி டிரைவர் என்று ஹரிதா சொன்னாள். அப்படி ஆறு பேர் இருந்தார்கள். இறால் ஏற்றுகிற லாரி என்றதும் மூன்றாகக் குறைந்தது. மூன்று பேரில் யார் என்று டீக்கடைக்காரர் நெற்றியைத் தேய்த்துக்கொண்டிருந்தபோது ரோகிணி முன்னால் வந்தாள்.

"கூட மாட்லாடனி ஆயன ஒக்கரு உண்ட்டாரு" என்றாள். பேச்சு வராதவர் ஒருவர் கூட இருப்பார்.

"ஓ! ஓபுலேசு ரமணாவா!" டீக்கடைக்காரர் கிளாஸை மேஜையில் தட்டினார். "முதல்லயே அலா செப்பக்கூடாதா?"

அந்த ஊரில் அவரை அப்படித்தான் சொல்வார்களாம். ஊமை ஓபுலேசுவோடு திரிகிற ரமணா. ரோகிணி அண்ணியைத் திரும்பிப் பார்த்தாள். தாட்சாயணி ஒன்றும் சொல்லாமல் அவள் கையிலிருந்த மாம்பழக் கூடையின் இன்னொரு பக்கத்தைப் பிடித்துக்கொண்டாள். இரண்டு பேருமாகத் தூக்கிக்கொண்டு நடந்தார்கள்.

ரமணாவின் வீடு ஊர்க்கோடியில் இருந்தது. முற்றத்தில் பிளாஸ்டிக் பெட்டிகளைப் போட்டுத் தண்ணீர் பீய்ச்சிக் கழுவிக்கொண்டிருந்தார்கள் இரண்டு பேர். ஐம்பத்தைந்து வயதிருக்கும் ஒருவர் பைப்பை நிறுத்திவிட்டு, "எவரு காவாலி?" என்றார். யார் வேண்டும்? மற்றவர் தலை நரைத்து, தோள் அகன்று, பெட்டியைக் கையில் பிடித்தபடி நின்றார்.

ரோகிணிதான் சொன்னாள்: நகரி, மழை, தரைப்பாலம், ஆட்டோ. ரமணாவின் முகம் சுருங்கி, பிறகு மெதுவாக விரிந்தது. ஹரிதாவைப் பார்த்தார்.

"ஈ பாப்பேனா?" இந்தக் குழந்தையா?

"நேனே" என்றாள் ஹரிதா. நான்தான்.

"ரண்டி, ரண்டி, லோபலிக்கி ரண்டி!" என்று அவர் உள்ளே அழைத்துக் கத்திய சத்தத்துக்கு உள்ளிருந்து அவர் மனைவி ஓடிவந்தாள். பாய் வந்தது. தண்ணீர் வந்தது. "மெட்ராசு, வேலூரு எல்லாம் இருபது வருஷம் ஓட்டினேன், தமிழ் வரும்" என்று சொல்லி அவர் தமிழுக்கு மாறிக்கொண்டார்.

சந்திரன் அதற்கு மேல் பொறுக்கவில்லை. "அண்ணா, ஒண்ணே ஒண்ணு சொல்லிடுங்க. அன்னிக்கி இவங்களக் காப்பாத்தினது ஒருத்தரா, ரெண்டு பேரா?"

ரமணா யோசிக்கவே இல்லை. மூன்று விரலைக் காட்டினார். "முக்குரு. மூணு பேரு."



"கயிறு எங்களது இல்ல. உங்க ஊரு ஆளு ஒருத்தர் வீட்டுலருந்து தூக்கிக்கினு ஓடியாந்து குடுத்தாரு. குடுத்துட்டு ஆட்டோ டிரைவரத் தேடிக் கரையோரமாப் போயிட்டாரு. அவரு இல்லன்னா நானும் இவனும் கரையில நின்னு அழுதுக்கினு இருப்போம்."

முதலில் சிரித்தது ஹரிதா. பிறகு சந்திரன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டான். தாட்சாயணியும் ரோகிணியும் ஒருவரையொருவர் பார்த்தார்கள்; நாலரை வருடம் ஒன்றா இரண்டா என்று முகத்தைத் திருப்பிக்கொண்டிருந்தவர்களுக்கு அடக்க முடியவில்லை. சிரித்துச் சிரித்து இரண்டு பேருக்கும் கண்ணில் தண்ணீர் வந்தது.

எல்லோரும் எதற்குச் சிரிக்கிறார்கள் என்று புரியாமல் ஓபுலேசு நின்றுகொண்டிருந்தார். ரமணா அவருக்குக் கையால் சொன்னார். ஓபுலேசு பெட்டியைக் கீழே வைத்துவிட்டு ஹரிதாவின் அருகில் வந்தார். இடுப்பருகே கையை வைத்து அப்போது இவ்வளவு என்று காட்டி, இப்போது தன் தோள் வரை உயர்த்தி, வாயைப் பிளந்து அதிசயப்பட்டார். பிறகு முற்றத்தின் நடுவில் வந்து நின்று அன்று நடந்ததைச் சொல்ல ஆரம்பித்தார். தறிச் சத்தத்துக்குள் கையாலேயே பேசி வாழ்ந்தவர்கள் இவர்கள். யாருக்கும் ஒன்றும் விளங்காமல் போகவில்லை.

கயிறு இடுப்பைச் சுற்றியது. கால் ஊன்றியது. ரமணா இறங்கினார். தூணில் மூன்று பேர்: ஒன்று சின்னது, இரண்டு பெரியது. ரமணா கயிற்று நுனியை முதலில் இருந்தவளிடம் நீட்டினார். ஓபுலேசு நேராகத் தாட்சாயணியைச் சுட்டிக் காட்டினார். அவள் அதை வாங்கினாள். வாங்கித் தன் இடுப்பில் கட்டவில்லை. பக்கத்தில் பிடி நழுவிக்கொண்டிருந்தவளின் கையைப் பிடித்து அதில் சுற்றினாள். சுற்றிவிட்டுத் தோளால் முட்டி மேலே தள்ளினாள். ஓபுலேசுவின் விரல் ரோகிணியிடம் வந்து நின்றது. அடுத்து, சின்னது. கடைசியில் அவள்.

ரோகிணியின் சிரிப்பு நின்றுவிட்டது.

"அண்ணி. என்ன மொதல்ல தள்ளினது நீங்களா?"

"தெரியலியே."

"நான் அந்தாளு என்ன மொதல்ல புடிச்சிட்டாருன்னுதான் இத்தினி வருஷமா நெனச்சிக்கினு இருந்தேன்."

"ஹரிதாவ ஒரு கையில புடிச்சிக்கினு இருந்தேன். நீ வுட்டுடப் போறன்னு தெரிஞ்சிது. அப்பறம் இன்னா பண்ணேன்னு ஞாபகம் இல்ல ரோகிணி. சத்தியமா இல்ல."

"பெத்த பொண்ணு பக்கத்துல இருக்க சொல்லோ..." என்று ஆரம்பித்த ரோகிணிக்கு முடிக்க முடியவில்லை. எழுந்து போய் அண்ணியின் தோளில் முகத்தை வைத்துக்கொண்டாள். தாட்சாயணி அவள் முதுகைத் தட்டிக்கொண்டே, "ஏய், அழுவாத. வந்த வீட்ல இன்னா நெனப்பாங்க" என்றாள். ஓபுலேசு பயந்துபோய் ரமணாவைப் பார்த்தார். தான் ஏதும் தப்பாகச் சொல்லிவிட்டோமோ என்று கையை விரித்தார். தாட்சாயணி அந்தக் கையைப் பிடித்துப் பார்த்தாள். உள்ளங்கையில் குறுக்காக ஒரு தழும்பு வெளுத்துக் கிடந்தது. அதை இரண்டு கண்களிலும் ஒற்றிக்கொண்டாள்.

ரமணாவின் மனைவி அவர்களைச் சாப்பிடாமல் விடவில்லை. இறாலைக் காரமாக வறுத்து, புளிக்குழம்பும் வைத்துச் சுடச்சுடச் சோறு போட்டாள். ஒரே பாயில் அண்ணியும் நாத்தனாரும் உட்கார்ந்து, ஒருத்தி தட்டிலிருந்து இன்னொருத்தி எடுத்துத் தின்பதைச் சம்பத் பார்த்துக்கொண்டிருந்தான். ஓபுலேசு மாம்பழத்தை அறுத்து எல்லோருக்கும் பங்கு வைத்தார். ஹரிதாவுக்கு மட்டும் கன்னத் துண்டு இரண்டு.

"சம்பத்து, ஒண்ணு தெரிஞ்சிப் போச்சுப்பா" என்றான் சந்திரன், விரலைச் சப்பியபடி. "இந்த மூணு பேரும் ஒரே மாதிரி மனப்பாடம் பண்ணிச் சொல்லி இருந்தாங்கன்னா நாம இந்த வீட்டக் கண்டுபுடிச்சிருக்க மாட்டோம். பேரு ஒருத்தர்கிட்ட, ஊமைக்காரரு ஒருத்தர்கிட்ட, எறா நாத்தம் ஒருத்தர்கிட்ட."

"அப்ப உன் கேள்விக்குப் பதில் கெடச்சிப் போச்சா?"

"எரிகோவுல இன்னா நடந்துச்சின்னு எனுக்கு எப்பிடித் தெரியும்? ஆனா ஒருத்தர்னு சொன்னவரும் ரெண்டுன்னு சொன்னவரும் அங்க நின்னவங்க பேச்சத்தான் எழுதினாங்கன்னு நம்பலாம் போல கீது." சோற்றைப் பிசைந்தான். "இன்னும் கேள்வி கீதுப்பா. அப்பறம் கேக்கறேன்."

ஞாயிற்றுக்கிழமை நகரிச் சபையில் கூட்டம் வழக்கத்தைவிட அதிகம். கடைசி வரிசையில் சந்திரன் நெற்றியில் குங்குமத்தோடு வந்து உட்கார்ந்திருந்தான். அவன் பக்கத்தில் புதுச் சட்டையில் ரமணாவும் ஓபுலேசுவும். சம்பத் பேச எழுந்தான். நோட்டில் ஆறு பக்கம் எழுதி வைத்திருந்தான். அதற்கு முன் பாதியில் நின்ற சாட்சி ஒன்று இருக்கிறது, அதை முடித்துவிடட்டும் என்று தாட்சாயணியைக் கூப்பிட்டான். அவள் ரோகிணியின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு மேடைக்கு வந்தாள்.

தாட்சாயணி ஆரம்பித்தாள். ரோகிணி குறுக்கே புகுந்தாள். தாட்சாயணி, "இரு, அத நான் சொல்றேன்" என்றாள். மழை எவ்வளவு என்பதில் இரண்டு பேரும் ஒத்துப்போகவில்லை. ஆட்டோ என்ன கலர் என்பதிலும் இல்லை. சபை சிரித்தது. இந்தத் தடவை அவர்களும் சேர்ந்து சிரித்துவிட்டு மேலே போனார்கள். ஓபுலேசுவை முன்னால் வரச்சொல்லி, அவர் கையால் சொல்லச் சொல்ல, ரோகிணி தமிழில் சொன்னாள். பாஸ்டர் தெலுங்கில் சொன்னார். அண்ணி தன்னை முதலில் தள்ளிவிட்ட இடம் வந்ததும் சபையில் ஒரு இருமல் சத்தம்கூட இல்லை.

மணி பன்னிரண்டரை ஆகிவிட்டது. வெளியே விருந்தாளிகளுக்காகப் பிரியாணி வெந்து மணம் வந்தது. பாஸ்டர் சுரேஷ்பாபு சம்பத்தைப் பார்த்து, பேசுகிறீர்களா என்று கண்ணால் கேட்டார். சம்பத் நோட்டை மூடினான். மேடையில் பெண்கள் இரண்டு பேரும் இன்னும் முடிக்கவில்லை. அவன் இறங்கிக் கடைசி வரிசைக்குப் போய், சந்திரன் நகர்ந்து விட்ட இடத்தில் உட்கார்ந்து, மற்றவர்களோடு கேட்க ஆரம்பித்தான்.